பேச்சு திரும்ப எத்தனை மணி நேரம்?

பக்கவாதம் வந்தவரின் வீட்டார் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மாசத்துல பேசுவாரு?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களால ஒதுக்க முடியும்?" சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். வைத்தியம் கேட்டு வந்தவர்களிடம் நேரக் கணக்குக் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் ஏறத்தாழ 40 ஆண்டுகளாக எங்கள் துறை ஆராய்ச்சியாளர்கள் முட்டி மோதிக்கொண்டிருப்பது இந்த நேரக் கணக்கோடுதான்.

நான் மதுரையில் பேச்சு-மொழி சிகிச்சையாளராக இருக்கிறேன். நோயாளிகளுக்கு நான் 'பேச்சு டீச்சர்'. திக்கிப் பேசுபவர்கள், உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகள், மூன்று வயதாகியும் வாய் திறக்காத பிள்ளைகள், குரல் கட்டிப்போன ஆசிரியர்கள் என்று பலரும் வருவார்கள். இங்கே நான் எழுதப்போவது பக்கவாதத்தில் மொழியைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி மட்டும். மருத்துவத்தில் இதை அஃபேசியா என்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது.

வாய் சரி, மொழிதான் சிக்கல்

பெரும்பாலான மனிதர்களுக்கு மொழியின் வேலைகள் மூளையின் இடப்பக்கத்தில் நடக்கின்றன. அங்கே ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, வலது கையும் காலும் விழுவதோடு சொல்லும் போய்விடும். பல நேரம் நாக்கும் உதடும் நன்றாக அசையும். சாப்பாட்டை மென்று விழுங்கவும் முடியலாம். சொல் மட்டும் வராது.

1861இல் பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். லெபோர்ன் என்ற அவர் எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஓசையைத்தான் சொல்வார். கேட்பதோ பெரும்பாலும் புரிந்தது. சில நாட்களில் அவர் இறந்ததும் மூளையை எடுத்துப் பார்த்த புரோக்கா, இடப்பக்க முன்பகுதியில் சிதைவைக் கண்டார். 1874இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நிலையை விவரித்தார். அவர் கண்டவர்கள் சரளமாகப் பேசினார்கள். ஆனால் பேச்சில் பொருள் இல்லை, பிறர் பேசுவதும் சரியாகப் புரியவில்லை.

இந்த இரண்டாம் வகைதான் நம் ஊரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கணவரை அழைத்துவந்த ஒரு பாட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏந்தாயி, இவருக்குப் புத்தி பிசகிருச்சா?" கணவர் ஓயாமல் பேசினார். ஏற்ற இறக்கமெல்லாம் அசல் தமிழ். நடுவில் ஒரு சொல்கூட அகராதியில் இருக்காது. வீட்டார் பேய் விரட்டவும் போய்விட்டு வந்திருந்தார்கள். அவருக்குப் பேரனை அடையாளம் தெரிந்தது, பால் கணக்கு நினைவிருந்தது, என் மேசையில் கோணலாக இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார். புத்தி இருந்த இடத்தில்தான் இருந்தது.

இன்னொருவர் திருமங்கலம் பக்கத்து மளிகைக் கடைக்காரர். அவருக்குப் பேச்சு புரியும்; சொல்தான் சிக்கிக்கொள்ளும். "சீரகத்தைக் காட்டிக் கேட்டா மிளகுங்கிறாரு. தப்புன்னு அவருக்கே தெரியுது டீச்சர், தலையில அடிச்சுக்கிறாரு" என்றார் அவர் மனைவி. கடைமொழியிலேயே அந்த அம்மாவுக்குச் சொன்னேன்: சரக்கு கடையில்தான் இருக்கிறது, எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் தடுமாறுகிறார்.

எவ்வளவு கொடுத்தால் போதும்?

1984இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த ஓர் ஆய்வு எங்கள் துறையையே ஆட்டிவைத்தது. பக்கவாதத்தால் மொழி இழந்தவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பேச்சு சிகிச்சை தந்தார்கள். முடிவில் இரு குழுவும் ஒரே நிலையில் இருந்தன. 'பேச்சு சிகிச்சையால் பயனில்லை' என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். திட்டப்படி ஒருவருக்குக் கிடைக்க வேண்டியது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதைக்கூடப் பலர் முழுதாகப் பெறவில்லை.

2003இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் எடுத்து அடுக்கிப் பார்த்தார்கள். பயன் தெரிந்த ஆய்வுகளில் நோயாளிகள் சராசரியாக வாரத்துக்கு 8.8 மணி நேரம் வீதம் 11 வாரம் பயிற்சி பெற்றிருந்தார்கள். பயன் தெரியாத ஆய்வுகளில் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் வீதம் 23 வாரம். 'சிகிச்சை வேலை செய்கிறதா' என்ற கேள்வி அதோடு 'எவ்வளவு கொடுத்தால் வேலை செய்யும்' என்று மாறிவிட்டது.

2017இல் ஜெர்மனியின் 19 மையங்களில் 156 பேரை வைத்து நடந்த ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. எல்லோரும் பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்தவர்கள். 'இனி தேறமாட்டார்' என்று நம் ஊரில் கைவிடப்படும் கட்டத்தில் இருந்தவர்கள். மூன்று வாரம், வாரத்துக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி தந்ததில் அன்றாடப் பேச்சு மேம்பட்டது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களிடம் அந்த மூன்று வாரத்தில் மாற்றம் இல்லை. 'ஆறு மாசம் தாண்டிருச்சு, இனிமே என்ன' என்று யாராவது சொன்னால் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

அப்படியானால் மருத்துவமனைப் படுக்கையிலேயே முழு வேகத்தில் தொடங்கிவிடலாமே? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 246 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பக்கவாதம் வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிய தீவிரப் பயிற்சி, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று தெரிந்தது. அந்த நாட்களில் நோயாளி களைத்துக் கிடப்பார், பாதி நேரம் தூங்குவார். ஆகவே முதல் வாரங்களில் பயிற்சியைத் தொடங்குவேன். ஆனால் திணிக்க மாட்டேன்.

2022இல் 25 ஆய்வுகளில் பங்கேற்ற 959 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பன்னாட்டுக் குழு, மொத்தமாக 20 முதல் 50 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களிடம் நல்ல முன்னேற்றத்தைக் கண்டது. வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் பயிற்சி என்பதும் அதோடு சேர்ந்து வந்தது. 20 மணி நேரத்துக்குள் நின்றுபோனவர்களிடம் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதில் முன்னேற்றம் தெரியவில்லை.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வாருங்கள். கிராமத்திலிருந்து ஒருவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, பேருந்து மாற்றி, கூட ஒருவர் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம் என்று வைத்தாலே 20 மணி நேரம் சேர ஆறு மாதம் ஆகும். நடுவில் அறுவடை, திருவிழா, ஒரு சாவு. அத்தோடு நின்றுவிடும். பயன் தெரியாத ஆய்வுகளில் நடந்ததைவிடக் குறைவாகத்தான் நம் ஊரில் பலருக்குக் கிடைக்கிறது. அதை வைத்து 'பேச்சு சிகிச்சை எடுத்தும் பிரயோசனமில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள்.

எந்தச் சொல்லை முதலில்?

நேரம் குறைவாக இருக்கும்போது அதை எதில் செலவிடுகிறோம் என்பது முக்கியம். பிரிட்டனில் 278 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பிரிவினர் தமக்கு வேண்டிய 100 சொற்களைத் தேர்ந்து, ஆறு மாதம் கணினியில் தாமே பயிற்சி செய்தார்கள். அந்தச் சொற்கள் நன்றாகத் திரும்பின. ஆனால் உரையாடல் அதனால் மேம்பட்டுவிடவில்லை.

இதிலிருந்து நான் இரண்டு வேலைகளை எடுத்துக்கொண்டேன். பயிற்சி செய்த சொல்தான் வரும் என்றால், எந்தச் சொல் என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும். யானை, விமானம், ஆப்பிள் என்று அச்சடித்த அட்டைகளால் மளிகைக் கடைக்காரருக்கு என்ன லாபம்? அவர் பட்டியல் துவரம்பருப்பு, வெல்லம், சீரகம், 'பாக்கி', 'நாளைக்கு வாங்க', மகள் பெயர், கடன் சொல்லிப் போகும் நாலைந்து பேரின் பெயர். இரண்டாவது வேலை, வந்த சொல்லை உடனே பேச்சில் போடுவது. அட்டையைப் பார்த்துச் சொன்னதோடு நிறுத்தாமல், நான் வாடிக்கையாளராக நின்று கால் கிலோ கேட்பேன்.

ஒரு சொல்லை எப்படி மீட்கிறோம்? சீரகத்தை ஒரு தட்டில் வைப்பேன். "இது எதுக்கு?" அவர் தாளிப்பதுபோல் கையை ஆட்டுவார். "எங்க இருக்கும்?" அஞ்சறைப் பெட்டி என்று சைகை. "முகர்ந்து பாருங்க." "எது மாதிரி இருக்கும்?" சோம்பு என்று முணுமுணுப்பார். அந்தச் சொல்லைச் சுற்றியுள்ள மற்றவற்றையெல்லாம் எழுப்பிவிட்டால் நடுவில் இருப்பதும் எழும் என்பதுதான் இதன் அடிப்படை. அப்படியும் வரவில்லையென்றால் "ரசத்துக்கு மிளகும்…" என்று தொடங்கிக் கொடுப்பேன். அடுத்து, வாயை மட்டும் "சீ" என்று வைத்துக் காட்டுவேன். கடைசியில்தான் முழுச் சொல்லையும் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வேன். வீட்டார் செய்வது இதற்கு நேர் தலைகீழ். முதலிலேயே சொல்லைச் சொல்லிவிட்டு "சொல்லுங்க, சொல்லுங்க" என்று நெருக்குவார்கள். தேடுகிற வேலையை மூளைக்கு விட்டுக்கொடுப்பதில்தான் பயிற்சியே இருக்கிறது.

சோதனைப் படங்களுக்கும் அந்த யானை, விமான அட்டைகளின் கதைதான். பாஸ்டனில் உருவாகி உலகமெங்கும் பயன்படும் ஒரு படத்தில், தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிய ஒரு பெண் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். பின்னால் ஒரு பையன் சாய்கிற முக்காலியில் ஏறி பிஸ்கட் திருடுவான். படத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும். நம் கிராமத்து முதியவருக்கு அந்தச் சமையலறையே அந்நியம். அவர் தயங்குவது மொழியாலா, படத்தாலா என்று எப்படிப் பிரிப்பது? மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தின் புகைப்படத்தைக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

பாட்டு வருதே, பேச்சு வரலையே

"திருப்புகழ் முழுசாப் பாடுறாரு, தண்ணி வேணும்னு கேக்கத் தெரியல. நடிக்கிறாரா?" இந்தச் சந்தேகம் பல வீடுகளில் உண்டு. நடிப்பில்லை. பல காலம் பாடிப் பழகிய பாட்டு, ஒன்று இரண்டு மூன்று, ஞாயிறு திங்கள், கோபத்தில் வரும் வசவு இவையெல்லாம் தானாக ஓடும் பேச்சு. புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுவது வேறு வேலை. பாட்டில் மூளையின் வலப்பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் பயன்படுத்தி 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். அன்றாடச் சொற்றொடரை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடி, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டி, மெல்ல மெல்ல ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. "காப்பி வேணும்", "கால் வலிக்குது" போன்றவற்றுக்கு நானும் இதைச் செய்கிறேன். பயிற்சி செய்த தொடர்களில் முன்னேற்றம் தெரிகிறது. அது மற்றப் பேச்சுக்கும் தாவும் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று வலுவாக இல்லை. எனவே பஜனைக்குக் கூட்டிப்போங்கள், மனசுக்கு நல்லது. அதையே சிகிச்சை என்று எண்ணி மற்றதை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி

மதுரையில் வேலை பார்ப்பவருக்கு இன்னொரு கேள்வி தப்பாது. சௌராஷ்டிரக் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம், கடைத்தெருவில் தமிழ். பக்கவாதம் வந்தால் எது முதலில் திரும்பும்? முதலில் கற்ற மொழிதான் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ கருதினார். அதிகம் புழங்கிய மொழி என்று 1895இல் பித்ர் சொன்னார். பின்னாளில் நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு மொழியும் சேர்ந்தே தேறுவதுதான் பரவலாக இருந்தது. மாறி மாறி வருவதும், ஒன்று மட்டும் வருவதும் உண்டு.

எனக்குச் சௌராஷ்டிரம் தெரியாது. அந்த வீட்டுப் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். தமிழில் நான், சௌராஷ்டிரத்தில் அவள். பாட்டி எதில் பதில் சொன்னாலும் சரி என்றே எடுத்துக்கொள்கிறோம். "ஒரு மொழியிலயே பேசச் சொல்லுங்க, குழம்பிருவாங்க" என்பார்கள் உறவினர்கள். குழப்பத்துக்குக் காரணம் இரண்டு மொழி அல்ல. கோயிலில் ஒரு மொழியும் அடுப்படியில் ஒரு மொழியும் பேசி வாழ்ந்தவருக்கு இரண்டுமே திரும்ப வேண்டும்.

குடும்பத்திடம் தள்ளிவிட்டால் போதுமா?

சிகிச்சையாளர் குறைவு; அதனால் வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்தியாவிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு இங்கே நம்மை நிதானிக்க வைக்கிறது. லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் 14 மருத்துவமனைகளிலிருந்து பக்கவாதம் வந்த 1,250 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரக் கற்றுக்கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, இறப்பிலும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலும் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை.

அது மொத்த உடல் நிலையை அளந்த ஆய்வு. பேச்சை மட்டும் தனியாக அளந்ததல்ல. இருந்தாலும் அதில் எனக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு தாளில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்து, 'வீட்டில் செய்யுங்கள்' என்று அனுப்பிவிடுவது சிகிச்சையாகாது. வீட்டு மணி நேரமும் சிகிச்சையாளரோடு இருக்கும் மணி நேரமும் ஒன்றல்ல. நான் செய்வது இவ்வளவுதான்: காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குகிறேன். அவர் செய்வதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். அடுத்த வாரச் சொற்களை அதைப் பார்த்துத்தான் மாற்றுகிறேன்.

வீட்டார் உறுதியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாங்கள் பேசும் விதத்தை மாற்றிக்கொள்வது. கனடாவின் டொரண்டோவில் ஔரா கேகன் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி தரப்பட்டது நோயாளிகளுக்கு அல்ல, அவர்களோடு பேச வந்த தன்னார்வலர்களுக்கு. பயிற்சி பெற்றவர்களோடு உரையாடும்போது நோயாளிகளும் கூடுதலாகப் பங்கெடுத்தார்கள். அந்த வழியில் நான் வீடுகளுக்குச் சொல்வது இது:

டி.வி.யை அணையுங்கள். முகம் பார்த்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். காது கேட்கிறது, கத்த வேண்டாம். "என்ன சாப்பிடுறீங்க?" என்று விட்டுவிடாமல், "தோசையா, இட்லியா?" என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதியோ வரைந்தோ காட்டுங்கள். கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் இடம் மாறிவிடும். ஆகவே தலையாட்டலையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள். பேசுவது ஒன்றும் புரியாதபோது, "நீங்க சொல்ல நினைக்கிறது உங்களுக்குத் தெரியுது, எனக்குத்தான் பிடிபடல" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் பல பேருடைய கோபம் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சைவிட அவசரமான ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் திறன் கெட்டிருக்கலாம். யாரும் சோதிக்காமல் வாயில் காப்பியோ இளநீரோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். விழுங்குவதைச் சோதிப்பதும் எங்கள் வேலைதான்.

கேட்டு வாங்க வேண்டியவை

இந்தியாவில் பேச்சு, செவித்துறைப் படிப்புக்குப் பெயர்போன அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965இல் மைசூரில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டிலும் இந்தப் பட்டப்படிப்புகள் உண்டு. படித்தவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. கை காலுக்கு வருவதுபோலப் பேச்சுக்கும் ஒருவர் வீட்டுப் படியேறினால், நான் மேலே சொன்ன 20 மணி நேரம் எட்டிவிடக்கூடிய கணக்குதான். இதைக் கேட்பதற்கு நியாயமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் பேச்சு-மொழிக் குறைபாடு ஒன்று. அதன் விளக்கத்தில் அஃபேசியா பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. குறைபாடு நிரந்தரமானது என்று மருத்துவர்கள் மதிப்பிட்டால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல், கை கால் விழுந்ததற்கு மட்டும் சான்று வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பலர்.

எனவே, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விழுங்கும் திறனைச் சோதித்துவிட்டீர்களா? இவருக்குப் போயிருப்பது நாக்கின் அசைவா, மொழியா, இரண்டுமா? பதிவு பெற்ற பேச்சு சிகிச்சையாளர் எங்கே இருக்கிறார், வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும்? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டாலும் கேட்பதை விட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு மருத்துவமனை அந்தப் பணியிடத்தை உருவாக்குகிறது.